ஈசிஎம் மெமரி கோட்: சேலத்து வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேனர் மாட்டிப் பார்த்ததில் பி0601, பி0603, பி0606 என்று ஏதாவது ஒரு கோடு (பழுதைச் சொல்லும் குறியீடு) வந்துவிட்டால் "ஈசிஎம் போச்சு, புதுசு போடணும்" என்று பல இடங்களில் கையை விரித்துவிடுகிறார்கள். ஈசிஎம் என்பது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வயிற்றைக் கலக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பவைதான் கீழே இருப்பவை. கார், பிக்கப், லாரி எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

மெமரி கோட் என்றால் என்ன? மற்ற கோடுகளில் இருந்து எப்படி வேறு?

சாதாரண கோடில் ஈசிஎம் வெளியே இருப்பதைக் குறை சொல்கிறது. ஆக்சிஜன் சென்சார் சரியில்லை, த்ராட்டில் சரியில்லை, இப்படி. மெமரி கோடில் அது தன்னையே குறை சொல்கிறது. சாவியைத் திருப்பியதும், ஓடும்போது இடையிடையேயும் ஈசிஎம் தன் நினைவகத்தைத் தானே சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனையில் ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் இந்தக் கோடைப் பதிந்துவிட்டு லைட்டைப் போடும்.

கோடின் எழுத்தையும் எண்களையும் பிரித்துப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முதலில் வரும் பி, எஞ்சின்-கியர் பக்கத்தைக் குறிக்கிறது. அடுத்தது பூஜ்யம் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. மூன்றாவது 6 என்றால் ஈசிஎம்-மும் அதிலிருந்து வெளியே போகிற சர்க்யூட்டுகளும். அதனால்தான் பி06 என்று தொடங்கியதுமே "கம்ப்யூட்டர்" என்று பயமுறுத்துகிறார்கள். அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து இந்தப் பொதுக் கோடுகள் கட்டாயம், நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி-2 (வண்டியே தன் பழுதைக் கண்டுபிடித்துக் கோடாகச் சொல்லும் முறை) வந்தது 2013-இல். அதற்கு முந்தைய வண்டிகளில் இதே எண்கள் இதே அர்த்தத்தில் வரும் என்று நம்பக் கூடாது.

எந்த நம்பர் எந்த மெமரி?

பி0601 என்றால் செக்சம் தப்பு. ஈசிஎம்-க்குள் இருக்கும் புரோகிராமும் மேப்பும் (எரிபொருள் எவ்வளவு, எப்போது என்ற அட்டவணை) ஃபிளாஷ் மெமரியில் எழுதப்பட்டிருக்கும், அதன் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்து ஏற்கெனவே எழுதி வைத்த தொகையோடு ஒப்பிடுவதுதான் செக்சம். மளிகைக் கடை நோட்டில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போட்டு வைப்பார்களே, அதேதான். மறுபடி கூட்டும்போது வேறு தொகை வந்தால் நடுவில் எங்கோ ஓர் எண் மாறியிருக்கிறது என்று தெரியும், எந்த எண் என்று மட்டும் தெரியாது. பி0602 என்றால் புரோகிராம் சரியாக ஏற்றப்படவில்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது.

பி0603 கீப் அலைவ் மெமரி. சாவியை எடுத்த பிறகும் பேட்டரியில் இருந்து கொஞ்சம் கரண்டை வாங்கிக்கொண்டு, வண்டி கற்றுக்கொண்ட விஷயங்களை வைத்திருக்கும் இடம் இது: பெட்ரோல் எவ்வளவு கூட்டிக் குறைப்பது, ஐடிலில் த்ராட்டில் எவ்வளவு திறப்பது என்பதெல்லாம். பி0604 ரேம், அதாவது ஓடும்போது மட்டும் பயன்படும் வேலை மெமரி. பி0605 ரோம், அதாவது படிக்க மட்டுமான மெமரி. பி0606 பிராசசர், மெமரி இல்லை என்றாலும் இந்தக் கும்பலோடுதான் வரும். பி062எஃப் என்று வந்தால் ஈஈபிராம், கரண்டு போனாலும் அழியாத மெமரி; அதில்தான் சேசிஸ் நம்பர், சாவியின் இம்மொபிலைசர் (வேறு சாவியில் எஞ்சின் ஓடாமல் தடுக்கும் பூட்டு) விவரம், சில வண்டிகளில் டீசல் இன்ஜெக்டரின் கோடு எல்லாம் இருக்கும்.

இப்போது வரும் பல வண்டிகளில் கீப் அலைவ் என்று தனி மெமரியே கிடையாது. சாவியை அணைத்ததும் சில நொடி மெயின் ரிலேயைப் பிடித்து வைத்துக்கொண்டு, கற்றதை எல்லாம் ஈஈபிராமில் எழுதிவிட்டுத்தான் ஈசிஎம் தூங்கப் போகும். அந்தச் சில நொடி பின்னால் லாரி விஷயத்தில் வரும், ஞாபகம் இருக்கட்டும்.

இந்தக் கோடு வந்தாலே ஈசிஎம் மாற்ற வேண்டுமா?

இல்லை. அதுவும் பி0603 வந்தால் கண்டிப்பாக முதலில் ஈசிஎம்-மைத் தொடவே கூடாது. மெமரி என்பது கரண்டை நம்பி வாழ்கிற பொருள், கரண்டு ஒரு கணம் தடுமாறினாலே உள்ளே இருப்பது அழியும், அல்லது பாதி எழுதியும் எழுதாமலும் நிற்கும். அதனால் பேட்டரி, டைனமோ, எர்த், ஈசிஎம்-க்கு வரும் ஃபியூஸ், ரிலே, கப்ளர் பின் என்று இந்த வரிசையில் பார்த்து முடிக்காமல் ஈசிஎம் விலை கேட்கவே போகாதீர்கள். எல்லாம் சரி என்று மீட்டர் சொன்ன பிறகும் கோடு திரும்பி வந்தால்தான் பெட்டியின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

கூடவே என்ன கோடு நிற்கிறது என்பதையும் பாருங்கள். பி0603-ஓடு பி0562 இருந்தால் அது வோல்டேஜ் குறைவு, வண்டியே விடையைச் சொல்லிவிட்டது. பி0563 இருந்தால் வோல்டேஜ் கூடுதல், டைனமோ ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். சம்பந்தமே இல்லாத நாலைந்து மாட்யூலில் (வண்டியில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர் பெட்டிகளில்) ஒரே நேரத்தில் கோடு விழுந்திருந்தால் நாலு மாட்யூலும் சேர்ந்து கெடுவது எங்கும் நடக்காத கதை, எல்லோருக்கும் பொதுவான எர்த்தோ பேட்டரி லைனோதான் காரணம்.

கரண்டும் எர்த்தும் எப்படிச் சோதிப்பது? வீட்டிலேயே முடியுமா?

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலானதை நீங்களே பார்க்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், 12.2-க்குக் கீழே என்றால் பாதிதான் சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது ஒருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், 9.5-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8-இல் இருந்து 14.5 வரை சரி. ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள புது வண்டிகளில் இது ஏறி இறங்கும், பதற வேண்டாம். அப்புறம் மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சார) வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள், எஞ்சின் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோவில் டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். டிசி அளவு நன்றாக இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள், மின்சாரம் அலையடித்துக்கொண்டு போனால் ஈசிஎம்-க்குப் பிடிக்காது.

எர்த்துக்கு ஓம்ஸ் வைத்துப் பார்ப்பது வீண். வண்டி லோடில் இருக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு தொலைகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று எஞ்சின் பிளாக்கில், செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரோ போல்ட்டோ சரியில்லை. ஈசிஎம் கப்ளரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, கப்ளர் மாட்டியபடி சாவி ஆனில் இருக்கும்போது 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபி மூட்டை ஏற்றுகிற பிக்கப் ஒன்று இப்படித்தான் வந்தது. பி0603, பி0606 இரண்டும் இருந்தன, ஈசிஎம் மாற்ற விலை எல்லாம் கேட்டு வைத்திருந்தார்கள். பேட்டரி தட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பாடிக்குப் போகிற எர்த் போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக மாவு பூத்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும், ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் லக் (வயர் முனையில் இருக்கும் வளையம்) தனியாகச் சுற்றியது. சாவி ஆனில் மீட்டர் காட்டியது 0.9 வோல்ட். லக்கை வெட்டி எறிந்து புதுசு கிரிம்ப் செய்து, பாடியில் பெயிண்டைச் சுரண்டி, வேசலின் தடவி இறுக்கியதோடு வேலை முடிந்தது. மேலே மஞ்சு இறங்குகிற ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கு இந்த இடத்தை மழைக்கு முன்னால் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

இன்னொன்று. ஃபியூஸில் 12 வோல்ட் வருகிறது என்பதால் லைன் சரி என்று ஆகிவிடாது. உள்ளே பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். ஈசிஎம் கப்ளரைக் கழற்றிவிட்டு, அந்தப் பவர் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை மாட்டிப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால்தான் லைன் சரி, மங்கலாக எரிந்தால் வயரைத் தேடுங்கள். பின்னுக்குள் கம்பியைத் திணித்து அகலப்படுத்திவிடாதீர்கள், அப்புறம் அதுவே புது லூஸ் காண்டாக்ட்.

பேட்டரி மாற்றிய மறுநாள் பி0603 வந்தது. கடைக்காரர் ஏதோ கெடுத்துவிட்டாரா?

இல்லைங்க. பேட்டரியைக் கழற்றினால் கீப் அலைவ் மெமரிக்குக் கரண்டு போய்விடும், சில வண்டிகள் அதையே ஒரு குறையாகப் பதிந்துவிடும். கிளியர் செய்துவிட்டு ஓட்டுங்கள். சில நாள் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கும், ஏசி போட்டால் ஆஃப் ஆகப் பார்க்கும், பிறகு கற்றுக்கொண்டு சரியாகிவிடும். சில மாடல்களில் த்ராட்டிலை ஸ்கேனர் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். பேட்டரியைத் தொடாமலே மறுபடி வந்தால் மேலே சொன்ன வரிசைக்குப் போங்கள்.

தினமும் காலையில் ஐடிலிங் ஆடுகிறது, மத்தியானம் சரியாகிறது, கோடு பி0603. என்ன அர்த்தம்?

ராத்திரி நிற்கும்போது ஈசிஎம்-க்கு நிரந்தரமாக வர வேண்டிய கரண்டு அறுந்துபோகிறது, அது தினமும் முதலில் இருந்து கற்றுக்கொள்கிறது. மியூசிக் செட்டில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். அதுவும் 12 மணிக்குப் போய் நின்றால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ் போன்ற பொது இடத்தில் குறை. கடிகாரம் சரியாக ஓடி, ஈசிஎம் மட்டும் மறந்தால் அதற்கென்று இருக்கும் தனி ஃபியூஸ், வயர், பின். வெளியே வாங்கிப் போட்ட மியூசிக் செட், ஜிபிஎஸ், ரிவர்ஸ் கேமரா எல்லாம் எந்த வயரில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள். இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தால் கதை தெரியும்.

அடிவாரத்தில் நன்றாக இருக்கிறது, ஏற்காடு ஏறும்போது மட்டும் லைட் வருகிறது. உயரம் காரணமா?

உயரத்துக்கும் மெமரி கோடுக்கும் சம்பந்தம் இல்லை. சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் 98 கிலோபாஸ்கலில் இருந்து 85 பக்கம் குறையும், அதை வண்டி சென்சார் மூலம் தெரிந்துகொண்டு டீசலையோ பெட்ரோலையோ திருத்திக்கொள்ளும். அதில் குறை இருந்தால் வேறு கோடு வரும், பி0604-உம் பி0606-உம் வராது.

காரணம் பெரும்பாலும் சூடு, இல்லையென்றால் அசைவு. 20 கொண்டை ஊசி வளைவும் முதல், இரண்டாம் கியரில் ஏறினால் எஞ்சின் அறை நன்றாகச் சூடாகும், அதே அறைக்குள் ஈசிஎம் வைத்திருக்கும் வண்டிகளில் போர்டில் மயிரிழை அளவு விரிசல் விட்ட சால்டர் சூட்டில் விலகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மேலே போய் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நிறுத்தி எடுத்தால் லைட் இல்லாமல் இறங்கி வருகிறது. வளைவில் எஞ்சின் சாயும்போது வயரிங் இழுபட்டாலும் இதே மாதிரி நடக்கும். இரண்டையும் பிரிக்க ஃப்ரீஸ் ஃபிரேமைப் பாருங்கள்: கோடு விழுந்த நொடியில் கூலன்ட் சூடு எவ்வளவு, வேகம், ஆர்பிஎம், வண்டி தந்தால் பேட்டரி வோல்டேஜும் அதில் இருக்கும். கடையில் நிற்கும்போது எஞ்சினை ஓடவிட்டு வயரிங்கை மெதுவாக ஆட்டிப் பாருங்கள், கப்ளரைத் தட்டிப் பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஹேர் டிரையரால் ஈசிஎம் பெட்டியை மிதமாகச் சூடு பண்ணிப் பார்க்கலாம். சூட்டில் கோடு வந்து, ஆறினால் போனால் பெட்டிக்குள்தான் பிரச்சினை.

லாரியில் பி கோடு வரவில்லை, எஸ்பிஎன் 630 எஃப்எம்ஐ 12 என்று வருகிறது. இதுவும் மெமரியா?

ஆமாம். கனரக வண்டிகள் பெரும்பாலும் ஜே1939 என்ற முறையில் பேசும். எஸ்பிஎன் எந்தப் பொருள் என்பது, எஃப்எம்ஐ அதற்கு என்ன குறை என்பது. 629 கன்ட்ரோலர், 630 கேலிபரேஷன் மெமரி (அந்த எஞ்சினுக்கான அளவுகள் இருக்கும் இடம்). எஃப்எம்ஐ 12 என்றால் பொருளே கெட்டிருக்கலாம், 13 என்றால் கேலிபரேஷன் ஒத்துவரவில்லை. ஆனாலும் சோதிக்கும் வரிசை அதேதான், எண்கள் மட்டும் 24 வோல்ட்டுக்கு இரட்டிப்பாகும். காருக்கு வாங்கின மலிவான ஸ்கேனர் 24 வோல்ட் தாங்குமா என்று பார்க்காமல் லாரியில் சொருகாதீர்கள்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து லாரிகளில் இரண்டு பழக்கம்தான் ஈசிஎம்-க்கு எமன். முதலாவது வெல்டிங். பாடி கட்டும்போதும், தார்ப்பாய் கொக்கி, பம்பர் வைக்கும்போதும் பேட்டரியைக் கழற்றாமல் ஆர்க் வெல்டிங் அடிக்கிறார்கள், எர்த் கிளாம்பைக் கைக்கு எட்டின சேசிஸில் மாட்டிவிட்டு வேறு மூலையில் அடிக்கிறார்கள். அந்தக் கரண்டு திரும்பிப் போகிற வழியில் ஈசிஎம் இருந்தால் அதன் வழியாகவும்தான் போகும். பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றி, ஈசிஎம் கப்ளர்களையும் எடுத்துவிட்டு, வெல்டிங் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கிளாம்பை மாட்டச் சொல்லுங்கள். "அஞ்சு நிமிஷ வேலைதானே ஓனர்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது மெயின் ஸ்விட்ச். சாவியை அணைத்த கையோடு இறங்கி பேட்டரி மெயினையும் அணைத்துவிடுகிறார்கள். முன்பே சொன்ன அந்தச் சில நொடி இதுதான். ஈசிஎம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்கினால் எழுதினது அரைகுறையாக நிற்கும், அடுத்த தடவை சோதனையில் மாட்டும். ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) ஊற்றுகிற பிஎஸ்-6 வண்டிகளில் பைப்பில் நிற்கும் ஆட்புளூவை பம்ப் திரும்ப இழுத்துக்கொள்ளவும் நேரம் வேண்டும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும், டிரைவருக்கு அதைச் சொல்லி வையுங்கள். தொப்பூர் கணவாய் தாண்டி வந்து அசதியில் நிறுத்துகிறவர் அதை எல்லாம் படித்திருக்க மாட்டார்.

ரீமேப் போட்ட பிறகு பி0601 வந்தது.

மேப்பை மாற்றினவர் செக்சமைத் திருத்தவில்லை, அல்லது தப்பாகத் திருத்தியிருக்கிறார். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினால் போய்விடும், அதனால் ஒரிஜினல் ஃபைலின் நகலைக் காசு கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பி0602 என்றால் எழுதும்போது பாதியில் நின்றிருக்கலாம். ஃபிளாஷ் செய்யும்போது பேட்டரியில் நிலையான சப்ளை மாட்டாமல் வேலை செய்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வாரண்டி உள்ள வண்டியில் ரீமேப் தேவையா என்று என்னைக் கேட்டால், தேவையில்லை என்பேன்.

பழைய மார்க்கெட்டில் அதே மாடல் ஈசிஎம் கிடைக்கிறது. வாங்கி மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் மாட்டினவுடன் ஓடும் என்று நினைக்காதீர்கள். பெட்டி மேல் இருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். உங்கள் சாவியை அது அடையாளம் தெரிந்துகொள்ளாது, எஞ்சின் பற்றி உடனே அணையும், அல்லது பற்றவே பற்றாது. டீசல் என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் அடித்திருக்கும் எண்ணெழுத்துக் கோடைப் புது பெட்டிக்குச் சொல்லித்தர வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் நாக்கிங், புகை, ஐடிலில் நடுக்கம் எல்லாம் வரும், பிறகு இன்ஜெக்டரையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) எவ்வளவு அடைத்திருக்கிறது என்ற கணக்கையும் பழையதில் இருந்து எடுத்து ஏற்ற வேண்டும். பழைய பெட்டியில் இருந்து மெமரியைப் படிக்க முடிந்தால் இதெல்லாம் சுலபம், அதனால் செத்த ஈசிஎம்-மைக் கழிவில் போட்டுவிடாதீர்கள்.

ஸ்கேனரில் ஈசிஎம் வரவே இல்லை. அப்போதாவது செத்துவிட்டது என்று சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் 16-ஆவது பின்னில் பேட்டரி கரண்டு வர வேண்டும், 4-உம் 5-உம் எர்த். கேன் லைன் (கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்) உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள், பொதுவாக 60 வர வேண்டும். 120 வந்தால் லைன் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் ஷார்ட். எலி கடித்த வண்டிகளில் இது அடிக்கடி, அதுவும் தோட்டத்துக்குள் நிறுத்துகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்கும் 5 வோல்ட் லைனையும் பாருங்கள். ஒரே ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் 5 வோல்ட் படுத்துவிடும், சில வண்டிகளில் அதோடு ஈசிஎம்-மும் பேச்சை நிறுத்திவிடும். சாவி ஆனில் வைத்துக்கொண்டு சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. சில நூறு ரூபாய் சென்சாருக்காக ஈசிஎம் மாற்றி, புது ஈசிஎம்-மும் பேசாமல் நின்ற வண்டிகள் இருக்கின்றன.

கோடைக் கிளியர் செய்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கலாமா?

பி0603 மட்டும் என்றால் ஓட்டலாம், சீக்கிரம் காட்டுங்கள். பி0604, பி0605, பி0606 வந்து, ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் வண்டி இழுக்காமல் போகிறது என்றால் ஈசிஎம் பாதுகாப்புக்காகத் தானே சக்தியைக் குறைத்திருக்கிறது. அந்த நிலையில் மலை ஏறவோ பைபாஸில் லாரிகளுக்கு நடுவே போகவோ வேண்டாம். ஓடும்போது ஒரு தடவையாவது தானாக ஆஃப் ஆகியிருந்தால் ஏற்றிக்கொண்டு வாருங்கள், ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

கடைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

இரண்டு சாவியும். ஒன்று தொலைந்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரும் வழியில் யாரிடமும் கோடை அழிக்கக் கொடுக்காதீர்கள், அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்தே போய்விடும்; ஏற்கெனவே ஸ்கேன் செய்திருந்தால் அந்தத் திரையை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது, பேட்டரியா, வெல்டிங்கா, வாட்டர் வாஷா, செட் மாட்டினதா என்று யோசித்து வையுங்கள். "ஒண்ணுமே பண்ணலைண்ணா" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள், பானெட்டைத் திறந்ததும் புது ஹாரன் வயர் கண்ணில் படும்.